நிலம் நடுங்கினும் நிலைபெயராத் திருமேனிகள்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரிக்கு அப்பால் வங்கக் கடலடியில் நிலம் நடுங்கியது. ரிக்டர் அளவில் 5.5 என்று பதிவான அந்த அதிர்வை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களும் உணர்ந்தன. அவ்வாண்டு ஜனவரியில் குஜராத்தைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்திலோ, பூஜ் நகரின் கச்சு அருங்காட்சியகமே சேதமுற்றது. காப்பறைகளில் எழுந்தருளியிருக்கும் திருமேனிகளுக்குக் கள்வர் பயம் மட்டுமே பயம் அன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மறைத்துக் காக்கும் முறையை, மரீசி முனிவர் அருளிய விமானார்ச்சன கல்பம் என்னும் வைகானச நூல் விதிக்கிறது. குழி அகழ்ந்து, மணல் பரப்பி, மூர்த்தியைப் பள்ளிகொள்ளச் செய்து மூடுதல் வேண்டும். சைவ ஆலயங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. விழுப்புரம் பகுதியிலுள்ள எசாலம் சிவாலயத்தில் 1987-இல் திருப்பணி நடந்தபோது, சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. நாற்புறமும் மண்ணே தாங்கியிருக்க, திருமேனி சாய்வதற்கு இடமேது?

இன்று பல கிராமக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள், திருவாரூர் போன்ற இடங்களிலுள்ள பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டுள்ளனர். கம்பிக் கதவும் காவலும் கள்வரைத் தடுக்கும். நில அதிர்வைத் தடுக்கா. அகன்ற திருவாசியுடன் நிற்கும் நடராசர் திருமேனியை எண்ணிப் பார்க்கலாம். தரை பக்கவாட்டில் அசையும்போது பீடம் உடன் நகரும்; மேற்பகுதி பின்தங்கும்; மூர்த்தி சாயும். அருகருகே நிற்கும் திருமேனிகள் ஒன்றையொன்று மோதும். பெரும் பின்னம் நேர்ந்துவிட்டால், உரிய பரிகாரமும் சீரமைப்பும் இன்றி அம்மூர்த்திக்கு வழிபாடு நடத்த இயலாது.

காக்கும் வழிகள் எளியவையே. பாரமான திருமேனிகளைத் தரையை ஒட்டிய மேடையில் வைத்தல் வேண்டும். அலமாரிகளைச் சுவரோடு பிணைத்து, தட்டுகளின் விளிம்பில் தடுப்பு அமைத்தல் வேண்டும். மூர்த்திகளுக்கிடையே போதிய இடைவெளி விடுதல் வேண்டும். வீதி உலாவுக்கென உற்சவர் பீடத்தில் முன்னோர் அமைத்த வளையங்களும் துளைகளும் இங்கும் உதவும். மெத்தென்ற நாடாவால் பீடத்தை மேடையோடு கட்டலாம். திருக்கரங்களிலோ திருவாசியிலோ கட்டுதல் ஆகாது.

ஜப்பானின் காமகுரா நகரிலுள்ள செம்பு கலந்த பெரும் புத்தர் சிலையின் பீடம் 1923-இன் நிலநடுக்கத்தில் சிதைந்தது. அதனைச் சீரமைத்தவர்கள், பின்னர் 1960-61-இல் சிலையின் கழுத்தை வலுப்படுத்தி, அதிர்வின் வேகம் சிலையைத் தாக்காதபடியும் ஏற்பாடு செய்தனர். இடர் வருமுன் காத்தலும் வழிபாட்டின் ஓர் அங்கமே.

காப்பகத்திலுள்ள மூர்த்தி திருவிழாவுக்கு ஊர் திரும்பும் நாளில், குறைவற்ற திருமேனியோடு வீதியில் எழுந்தருள வேண்டும். தங்கள் ஊர் உற்சவர் எவ்வாறு நிறுத்தப்பட்டுள்ளார் என்று அறங்காவலர்களும் பெரியோர்களும் கேட்டறிவது, விளக்கேற்றுவதற்கு ஈடான திருத்தொண்டாகும்.