நண்டுக்குக் கால் எத்தனை?

அம்மா நண்டு கழுவுகிறாள். பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை. "நண்டுக்குக் கால் எத்தனை? எண்ணு, பார்ப்போம்!" என்கிறாள். பிள்ளை எண்ணுகிறது. நடக்கிற கால் எட்டு. கடிக்கிற கொடுக்கு இரண்டு. ஆக மொத்தம் பத்து!

கணக்குப் பாடம் முடிந்தது. குழம்புக்குப் புளி கரைக்க வேண்டியதுதான் பாக்கி.

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி தாலுகாவில், கடலோரத்தில் இருக்கிறது ஜெகதாப்பட்டினம். மீன்பிடித் தொழில் நடக்கும் ஊர். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைக்குப் பாடம் சொல்ல வேறு சாமான் தேட வேண்டாம். மீன் கூடை போதும். கணவாய்க்குப் பத்துக் கை. எட்டு குட்டை, இரண்டு நீளம். பேய்க்கணவாய்க்கு எட்டுதான். "எதற்கு அதிகம்? எத்தனை அதிகம்?" என்று கேட்டால் கழித்தல் கணக்கும் வந்துவிடும்.

1907-ல் ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார் மரியா மாண்டிசோரி அம்மையார். குழந்தை கையால் தொட்டு, பிரித்து, அடுக்கிப் பழகினால் அறிவு வளரும் என்பது அவர் கண்ட முறை. 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த முறைக்கென்று விற்கும் மரச் சாமான்களுக்கு விலை அதிகம். நெத்திலி ஒரு பக்கம், காரல் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட என்ன செலவு?

அப்பாவின் பாடம்

இந்தக் கடலில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள் போகும். நாட்டுப்படகுகளுக்கு 4 நாள். மூன்றும் நாலும் ஏழு. வாரத்துக்கு எத்தனை நாள் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள். 2017 முதல் 61 நாள். பள்ளிக்கூடத்துக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. அப்பா வீட்டில் இருப்பார். வலை பழுது பார்ப்பார். ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, ஜூனில் 14 என்று நாட்காட்டியில் பிள்ளையை எண்ணச் சொல்லலாம். கூட்டினால் 61 வருகிறதா?

வருமானம் இல்லாத நாட்கள் அவை. எல்லா அப்பாவுக்கும் அப்போது பிள்ளையோடு சிரித்துப் பேச மனம் வராது. ஆனால், "இந்த முடிச்சைப் பிடித்துக்கொள்" என்று சொன்னாலே போதும். பிள்ளை உட்கார்ந்துவிடும்.

பாட்டியும் படித்தவளே

"எனக்கே எழுத்துத் தெரியாது, நான் எப்படிச் சொல்லித்தருவேன்?" என்று ஒதுங்கிய தாய்மார்கள் ஒரு காலத்தில் ஏராளம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. வயல் வேலை முடித்தும், கல் உடைத்துவிட்டும் பெண்கள் இரவில் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். அன்று சிலேட்டுப் பிடித்த தாய்மார்கள் இன்று பாட்டிமார்கள்.

கடலோர வீட்டுக்கு எழுத்து மிக அவசியம். கரையில் நிற்கும் பிள்ளை, அப்பாவின் படகை எண்ணைப் படித்தே கண்டுபிடிக்கலாம். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துப் போவது பல ஆண்டுகளாக நடக்கிறது. மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். பிடிபட்டவர்களின் பெயரும் சில சமயம் வரும். அந்தக் காலை நேரத்தில், பத்திரிகையை விரித்து, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அது பாட்டியாகவும் இருக்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம்.