வாளையின் வெள்ளி வேஷம்

நெமிலிச்சேரிக்குப் பக்கத்தில் இருப்பது ஏரிதான். ஆனாலும் காசிமேட்டுக் கடல் மீன் ஆவடி, பட்டாபிராம் தாண்டி இந்தப் பக்கமும் வந்துவிடுகிறது. சங்கராவுக்கும் இறாலுக்கும் நடுவே இடுப்பு வார் மாதிரி சுருண்டு கிடக்கும் வெள்ளி மீன்தான் வாளை. சாவாளை என்றும் சொல்வார்கள். கருவாடாக நமக்கு நெடுநாள் பழக்கம். ஆழ்கடல் வேட்டை மீன்கள் பல அடங்கிய ‘டிரைக்கியூரிடே’ குடும்பத்தைச் சேர்ந்தது இது.

கையில் எடுத்துப் பாருங்கள். செதிலே இருக்காது, விரலில் வெள்ளிப் பொடி ஒட்டும். அது குவானின் என்னும் பொருளின் நுண்படிகம். ஜப்பானில் இதை எடுத்துப் போலி முத்துக்குப் பூச்சாக்கினார்கள். வால் துடுப்பும் கிடையாது, உடல் மெலிந்து மெலிந்து அப்படியே முடிந்துவிடும். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீண்டிருக்கும். முன்பக்கக் கோரைப்பற்களின் நுனியில் சிறு கொக்கி உண்டு. கவ்விய இரை நழுவாது.

இரைக்குக் காத்திருக்கும்போது வாளை தலையை மேலே வைத்துச் செங்குத்தாக நிற்கும். தலையிலிருந்து வால்வரை ஓடும் முதுகுத் துடுப்பு மட்டும் அலையலையாய் அசையும். மேலிருந்து இறங்கும் மங்கிய வெளிச்சத்தில் நெத்திலியோ இறாலோ நிழலாடினால் ஒரே பாய்ச்சல்தான். சுற்றியுள்ள ஒளியையே வெள்ளி மேனி திருப்பிக் காட்டுவதால் இரைக்கு வேட்டைக்காரன் எளிதில் தெரிவதில்லை.

வெளிச்சமே எட்டாத ஆழத்தில் வெள்ளியால் என்ன பயன்? போர்ச்சுகலின் மதீரா தீவில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்துக்குத் தூண்டில் கயிறு இறக்கி ஒரு வாளையைப் பிடிக்கிறார்கள். அதுவும் இதே குடும்பம்தான். நிறம் மட்டும் கன்னங்கரேல்.

நம் வாளை கரையோரத்திலிருந்து 500 மீட்டருக்கும் கீழே வரை நடமாடும். பெரியவை பகலில் மேலே வந்து இரை தேடி, இரவில் அடிக்கு இறங்கும். சின்னவை பகலில் ஆழத்தில் கூட்டமாக இருந்து, இரவில் மேலேறும். இந்த நேரமாற்றம் சின்னவற்றுக்கு நல்லதுதான்: பெரிய வாளையின் வயிற்றைக் கீறினால் குட்டி வாளையும் கிடைப்பதுண்டு.

உலகெங்கும் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் வாளை பிடிபடுகிறது. அதில் பெரும்பங்கு சீனாவுடையது. நம் நாட்டு வாளையும் ஐஸ் கட்டியாக உறைந்து அங்கே கப்பலேறுகிறது. வீட்டில் ஆய்வதும் சுலபம். வெள்ளியைத் தேய்த்தெடுத்துவிட்டு, முதுகுத் துடுப்பின் இரு பக்கமும் கீறி முள்ளோடு உருவினால் குழம்புக்குத் துண்டு தயார்.