47.6 விநாடி ஓட்டம்... 20 வருஷ ஓட்டம்... எது பெருசு?

தேவிகாபுரம் பக்கம் போயிருக்கீங்களா? பெரியநாயகி அம்மன் கோயிலும் பட்டுத் தறியும்தான் அந்த ஊரோட அடையாளம். தறிக்குழியில உட்கார்ந்தவரோட கால் மிதியை மாத்தி மாத்தி அழுத்தும், கண் இழை மேலயே இருக்கும். ஒரு இழை அறுந்தாலும் நிறுத்தி, முடிச்சுப் போட்டுட்டுத்தான் அடுத்த வேலை. கல்யாணத்துல நம்ம கண்ணுல படுறது முடிஞ்ச புடவை மட்டும்தான்.

விளையாட்டு வீரர்கள் விஷயமும் அப்படித்தான். மெடல் தெரியும், விடியற்காலை அலாரம் தெரியாது. ஆனாலும் ஒருத்தர் ‘டயட்ல இருக்கேன், பிரியாணி வேணாம்’னு சொன்னா ‘செம டெடிகேஷன்’னு கைதட்டுறோம். அதே ஆள் தவக்காலம்னு 40 நாள் கறி தொடாம இருந்து, சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தா, ‘ஏம்ப்பா இவ்ளோ ஓவரா?’ங்கிறோம். இது என்ன நியாயம்?

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அந்தக் காலத்துலயே யோசிச்சவர் பவுல். கொரிந்து நகரத்துல கூடாரம் செஞ்சு பிழைச்ச கைத்தொழில்காரர். அந்த ஊருக்குப் பக்கத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியன் போட்டிகள் நடக்கும். ஜெயிச்சவர் தலையில இலைக் கிரீடம் வைப்பாங்க. வாடிப்போற அந்தக் கிரீடத்துக்கே அவங்க வாயைக் கட்டி, உடம்பை அடக்கிப் பயிற்சி எடுக்கிறாங்களே, வாடாத கிரீடத்துக்கு ஓடுற நாம எப்படி இருக்கணும்னு அந்த ஊர் கிறிஸ்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். கிரேக்கத்துல ‘அஸ்கேசிஸ்’னா முதல்ல விளையாட்டு வீரரோட பயிற்சிதான். துறவிகளோட நோன்புக்கு அந்த வார்த்தை பிற்பாடுதான் வந்துச்சு.

நம்ம பக்கத்துல ஒரு உதாரணம் வேணும்னா, ஆரணியிலிருந்து பஸ் ஏறி வேலூர் போங்க. ராணிப்பேட்டையில 1870-ல பிறந்த ஐடா ஸ்கடருக்கு மிஷனரி வேலையே பிடிக்காது. திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு பேர், பிரசவத்துல தவிக்கிற மனைவிக்காக அவங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. ஆம்பளை டாக்டரான ஐடாவோட அப்பா தொடக் கூடாதுன்னுட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க. அந்த ராத்திரியைத்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியறது அதுக்கப்புறம் வந்த வருஷங்கள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சுட்டு 1900-ல திரும்பி வந்தார். குடியாத்தம் ரோட்டுல மரத்தடி மரத்தடியா நின்னு வைத்தியம் பார்த்தார். 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்னைக்கு சி.எம்.சி-யா நிக்கிறது அந்த உழைப்புதான். நடுவுல டென்னிஸும் விடலை, வயசான பிறகும் ஆடினார்!

இனி, அந்த 47.6 விநாடிக்கு வருவோம்.

1924 பாரிஸ் ஒலிம்பிக். ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடலுக்கு 100 மீட்டர்தான் பலம். ஆனா அதோட தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. ‘அது கர்த்தருடைய நாள், ஓட மாட்டேன்’னுட்டார். ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்துல இது கடைசி நேர டிராமா. நிஜத்துல அட்டவணை பல மாசம் முன்னாடியே அவருக்குத் தெரியும். சத்தமில்லாம 400 மீட்டருக்குப் பயிற்சியை மாத்திக்கிட்டார். ஜூலை 11 அன்னைக்கு 47.6 விநாடியில தங்கம்!

அடுத்த வருஷமே புகழை விட்டுட்டு, தான் பிறந்த சீனாவுக்கு மிஷனரி ஆசிரியரா போயிட்டார். அங்க 20 வருஷம். கேலரியும் இல்லை, கேமராவும் இல்லை. போர்க்காலத்துல ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் முகாம்ல அடைச்சாங்க. உள்ளே இருந்த பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தார், விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது.

ஒரு ஞாயிறு, பசங்க அவங்களாவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாம அடிதடியில முடிஞ்சது. அடுத்த ஞாயிறு மைதானத்துல நடுவரா வந்து நின்னது, ஒலிம்பிக்குக்கே ஞாயிறு ஓடாத அதே லிடல்.

1945 பிப்ரவரி 21, மூளைக் கட்டியால அந்த முகாமிலேயே இறந்துட்டார். வயசு 43.