கவுன்சிலிங்னா புத்திமதியா? உளவியல் சிகிச்சைக்குப் போனால் என்ன நடக்கும்?

மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்னுட்டுப் போச்சு, மழையும் ஏமாத்திருச்சு, வட்டி மட்டும் தவறாம ஏறுது. கோவில்பட்டி பக்கத்து மானாவாரிக் கரிசலில் இப்படி ஒரு வருஷம் போனால், "மனசு சரியில்லை" என்று யாரும் எளிதில் சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது, தூக்கம் வரல" என்பார்கள். ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்து, டாக்டர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினால், "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அதை மடித்துப் பையில் வைத்துவிடுபவர்கள் உண்டு. அந்தச் சீட்டோடு உள்ளே போனால் என்னதான் நடக்கும்?

யாரைப் பார்க்கப் போகிறோம்?

மனநல மருத்துவர் மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் எழுத மாட்டார். பேச்சுதான் அவரது சிகிச்சை. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. சிலருக்கு மாத்திரை, பேச்சு இரண்டுமே தேவைப்படும்.

முதல் நாள் என்ன கேட்பார்கள்?

சினிமாவில் வருவதுபோல் படுக்கச் சொல்ல மாட்டார்கள். எதிரெதிர் நாற்காலிதான். வழக்கமாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். அரசு மருத்துவமனையில் கூட்டத்தைப் பொறுத்துக் குறையலாம். தூக்கம், சாப்பாடு, குடி, கடன், வீட்டு நிலவரம் எல்லாம் வரும். "சாகணும்னு தோணுச்சா?" என்றும் நேராகவே கேட்பார்கள். பயப்பட வேண்டாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஒரே தடவையில் சரியாகுமா?

ஆகாது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, சில மாதங்கள். முதல் சில சந்திப்புகளுக்குப் பிறகு மனசு இன்னும் கனத்ததுபோலக்கூட இருக்கும். மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான். புத்திமதி சொல்லி அனுப்பும் வேலை அல்ல இது. "இந்த வெள்ளாமையும் போனா நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற நினைப்பு எப்போது வருகிறது, அது எவ்வளவு நிஜம் என்று இருவருமாகச் சேர்ந்து பார்ப்பார்கள். நோட்டில் எழுதி வரச் சொல்வதும் உண்டு. கடனை சிகிச்சை அடைக்காது. ஆனால் பேங்குக்குப் போய்ப் பேசும் தெம்பு திரும்பலாம். சில வாரம் போயும் அவரிடம் மனம் திறக்க முடியவில்லை என்றால் வேறு ஒருவரைக் கேட்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊருக்குத் தெரிந்துவிடுமா?

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்களுக்கும், வரன் பார்க்கும் வீடுகளுக்கும் இதுதான் பெரிய பயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. அது எவை எவை என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே போவது?

தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏறத் தயக்கம் என்றால் முதலில் போனில் பேசலாம்: மத்திய அரசின் டெலி மானஸ், 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.