பேசும்போதே கேட்கும் வானலைக் கருவி



தோட்டத்துக் காவலர் வாக்கி டாக்கியில் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்திப் பேசி, 'ஓவர்' என்று சொல்லி விரலை எடுத்த பிறகுதான் மறுமுனைக் குரல் கேட்கும். கைப்பேசியில் இந்தத் தொல்லை இல்லையே என்பீர்கள். ஆனால் அதுவும் அனுப்ப ஓர் அலைவரிசை, பெற வேறோர் அலைவரிசை என்று வைத்துக்கொள்கிறது; அல்லது நமக்குத் தெரியாத வேகத்தில் மாறி மாறி இரண்டையும் செய்கிறது. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டும் நடந்தால், அதே வானலையில் ஏறக்குறைய இரு மடங்கு வேலை நடக்குமே!

தடை என்ன? உறுமி அடித்துக்கொண்டிருப்பவர் காதில் ஒருவர் கிசுகிசுத்தால் கேட்குமா? தூரத்திலிருந்து வரும் அலை மெலிந்து வருகிறது. கருவி தானே அனுப்பும் அலையோ பக்கத்திலேயே முழங்குகிறது. வைஃபை கருவியில் இந்த முழக்கத்தை 10,000 கோடியில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்.

"தான் அனுப்பியது தனக்குத் தெரியாதா? கழித்துவிட்டால் போயிற்று" என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அனுப்பிய அலை சுவரிலும் அலமாரியிலும் மோதி, உருமாறித் தாமதமாகத் திரும்புகிறது. அது வரும் விதத்தைக் கருவி முதலில் கற்க வேண்டும். பிறகு அதேபோல் ஒரு நகலைத் தலைகீழாக உண்டாக்கிச் சேர்த்தால் இரண்டும் அழியும். பெரும்பகுதியை மின்சுற்றிலேயே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் பெருக்கி திணறிவிடும். மிச்சத்தைக் கணக்கால் கழிக்கலாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2013இல் ஒரே ஆண்டெனாவைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள்.

மூன்று ஆண்டெனாக்கள் இருந்தால்? ஒவ்வொன்றும் தன் முழக்கத்தோடு மற்ற இரண்டின் முழக்கத்தையும் கேட்கும். ஆக, ஒன்பது வழித் தொல்லை! 2014இல் அதையும் அடக்கிக் காட்டினார்கள். பல ஆண்டெனாக்களால் ஒரு நன்மையும் உண்டு. அவற்றின் அலைகளை ஒத்திசைத்து, வேண்டிய திசையில் கூட்டவும் வேண்டாத இடத்தில் குறைக்கவும் முடியும்.

இன்னொரு சிக்கல் அக்கம்பக்கத்தாரால் வருவது. கோபுரம் ஒரு வீட்டுக்கு அனுப்பும் அதே கணத்தில் அடுத்த வீட்டுக் கைப்பேசி கோபுரத்துக்கு அனுப்பினால், முதல் வீட்டில் குழப்பம்தான். அடுத்தவர் அனுப்புவது தெரியாததால் அதைக் கழிப்பது எளிதல்ல. எனவே ஒரே லயத்து வீடுகளை இணை சேர்க்காமல், இந்த லயத்து வீட்டோடு குன்றுக்கு அப்பால் உள்ள ஒன்றைக் கோபுரம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களுக்கு இது முக்கியம். குன்றின்மேல் வைக்கும் அஞ்சல் கருவி, கிடைத்த அலையைப் பெருக்கி அதே அலைவரிசையில் கீழே அனுப்பலாம். தன் முழக்கத்தை அடக்காவிட்டால், ஒலிபெருக்கியின் முன் வைத்த மைக்கைப் போல் அது ஊளையிடும். எவ்வளவு அடக்குகிறதோ, அவ்வளவு பலமாக லயத்து வீடுகளுக்கு அனுப்ப முடியும்.