கழுத்து வலிக்கு ஸ்டீராய்டு ஊசி: போட்டுக்கொண்ட பின் கவனிக்க வேண்டியவை

மட்டாஞ்சேரியின் கிடங்குத் தெருக்களில் மிளகு, சுக்கு மூட்டைகளைத் தலைச்சுமையாக ஏற்றி இறக்குவோர் இன்றும் உள்ளனர். அருகிலுள்ள வேலி டோபி கானாவில், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய வண்ணார் சமூகத்தினர் குனிந்தபடியே துவைத்தும் இஸ்திரி போட்டும் வருகின்றனர். எம் போன்ற வங்கிப் பணியாளர்களோ கணினித் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டியவாறு நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறோம். தொழில்கள் வேறாயினும், நாற்பது வயதைக் கடந்தபின் கழுத்து வலி இவர்கள் அனைவரையும் நாடி வரக்கூடியதே. மாத்திரையும் உடற்பயிற்சியும் பலன் தராத நிலையில் சிலருக்கு மருத்துவர்கள் ஸ்டீராய்டு ஊசியைப் பரிந்துரைக்கின்றனர். ஊசி போடச் சில நிமிடங்களே ஆகும். அதற்குப் பின்வரும் வாரங்களே முக்கியமானவை.

ஊசி செய்வது என்ன?

கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. அவற்றின் இடையிலுள்ள வட்டு பிதுங்கினாலோ, தேய்மானத்தால் எலும்பு முனை வளர்ந்தாலோ, அருகிலுள்ள நரம்பின் வேர் அழுத்தப்பட்டு அழற்சி அடைகிறது. வலி தோளில் தொடங்கி விரல் வரை பாய்கிறது. ஸ்டீராய்டு இந்த அழற்சியைத் தணிக்கிறது. இவ்வகை மருந்துகளுள் முன்னோடியான கார்ட்டிசோன், 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டது. அப்பணிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர்.

கைக்குப் பரவும் நரம்பு வலிக்கே இவ்வூசி அதிகம் பயன்படும். தேய்ந்த எலும்பை இது புதுப்பிப்பதில்லை. வங்கி மொழியில் கூறுவதானால், இது கடன் தள்ளுபடி அன்று. தவணை செலுத்தக் கிடைத்த கால அவகாசம். அவகாசக் காலத்தில் கழுத்துத் தசைகளை வலுப்படுத்தாவிடில் கடன் அப்படியே நிற்கும்.

முதல் இரு வாரங்கள்

ஊசியுடன் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் சேர்க்கப்படுவதுண்டு. எனவே முதல் சில மணி நேரம் வலி முற்றிலும் நீங்கியது போலத் தோன்றும். அதன் வீரியம் குறைந்ததும் வலி திரும்பும். சிலருக்கு ஓரிரு நாள்கள் முன்னைவிட அதிகமாகவும் இருக்கும். இதைக் கண்டு ஊசி பலிக்கவில்லை என முடிவு செய்ய வேண்டா. ஸ்டீராய்டின் பயன் பெரும்பாலும் சில நாள்கள் கழித்தே தெரியத் தொடங்கும். முழுப் பயனை அறிய இரு வாரங்கள் வரை ஆகலாம். அன்றைய தினம் வாகனம் ஓட்டுதல் கூடாது. ஊசி போட்ட இடத்தில் துணி சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். முகம் சிவத்தல், உறக்கமின்மை ஆகியவை தோன்றினாலும் பொதுவாகச் சில நாள்களில் மறையும்.

நீரிழிவு உள்ளோர் சிறப்புக் கவனம் கொள்ள வேண்டும். ஊசிக்குப் பின் பல நாள்கள் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். அந்நாள்களில் வீட்டிலேயே அடிக்கடி பரிசோதித்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், அதனை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது நலம்.

தாமதம் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல், கழுத்து விறைப்பு, எழுந்து அமர்ந்தால் கடுமையாகும் தலைவலி, கை கால்களில் புதிதாகத் தோன்றும் பலவீனம் அல்லது மரத்துப்போதல், பார்வைக் கோளாறு, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தண்டுவடத்தை ஒட்டிப் போடப்படும் இவ்வூசிகளால் அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு நேரக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. அரிது என்பதால் அஞ்ச வேண்டா. எனினும் அறியாமல் இருத்தலும் ஆகாது.

பணிக்குத் திரும்புதல்

அலுவலகப் பணியாளர் பலரும் ஓரிரு நாள்களில் பணிக்குத் திரும்பலாம். சுமை தூக்குவோர் நிலை வேறு. வலி குறைந்தவுடன் மீண்டும் மூட்டை ஏற்றுவதே பலரும் செய்யும் பிழை. கழுத்து குணமாகும் முன்னரே வலியுணர்வு அடங்கிவிடுகிறது. ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மிகலாகாது எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அது நலமுடன் இருப்போருக்கான வரம்பு. ஊசி போட்டுக்கொண்டவர், எந்த எடையை எப்போது தூக்கலாம் என மருத்துவரிடம் வினவி அறிதல் வேண்டும்.

செலவும் காப்பீடும்

வாடிக்கையாளர் பலர், தம் கணக்கில் ஆண்டுதோறும் 20 ரூபாய் பிடிக்கப்படுவதால் மருத்துவச் செலவு கிடைக்கும் எனக் கருதுகின்றனர். அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். விபத்தால் நேரும் மரணத்துக்கும் ஊனத்துக்கும் மட்டுமே உரியது. 436 ரூபாய்க்கான ஜீவன் ஜோதி திட்டம் ஆயுள் காப்பீடாகும். இவ்விரண்டும் ஊசிச் செலவை ஏற்கா.

தனியே மருத்துவக் காப்பீடு உள்ளோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரே நாளில் வீடு திரும்பும் சிகிச்சைகளின் பட்டியலில் இவ்வூசி உள்ளதா என்பது. இரண்டாவது, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அக்காலம் மூன்றாண்டுகளுக்கு மிகலாகாது. பாலிசி எடுக்கும்போதே கழுத்து வலியை மறைக்காமல் குறிப்பிடுதல் பின்னாளில் கோரிக்கை மறுக்கப்படுவதைத் தவிர்க்கும். ஊசிக்கு நாள் குறிக்கும் முன், பாலிசிப் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐயம் இருப்பின் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் விளக்கம் பெறுங்கள்.