ஓராண்டைச் சொல்லும் ஒரு சொல்

2018 ஜனவரியில், ஜெய்ப்பூர் இலக்கியத் திருவிழாவில், ஆக்ஸ்போர்டு அகராதியார் 2017-ஆம் ஆண்டின் இந்திச் சொல்லாக ‘ஆதார்’ என்பதை அறிவித்தனர். அது புதுச்சொல் அன்று. வடமொழியிலிருந்து நம் மொழிகள் பலவற்றிலும் நெடுங்காலமாகப் புழங்கி வருவது. ஆயினும் வங்கிக் கணக்குடன் ஆதார் எண்ணை இணைக்கவேண்டும் என்ற கெடுவை எண்ணி நாடே வரிசையில் நின்ற ஆண்டு 2017. நமது கிளைகளுக்கு வந்த வாடிக்கையாளர்கள் அதனை மறந்திருக்க மாட்டார்கள்.

முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டதும் மகாராஷ்டிர மாநிலத்தில்தான். 2010 செப்டம்பர் 29 அன்று, நந்துர்பார் மாவட்டத்துத் தெம்பலி என்ற சிற்றூரில். மராத்தியில் ‘ஆதார்’ என்றால் பற்றுக்கோடு. முதுமையில் பெற்றோருக்குப் பிள்ளைகள் ‘ஆதார்’ என்பர். அதே ஒலிதான் அட்டைக்கும். தமிழிலோ ‘ஆதாரம்’ என்றதும் சான்று என்ற பொருளே முந்திக்கொண்டு வருகிறது. புணேயில் ஒரே தெருவில் வாழும் மராத்தியர் அச்சொல்லில் துணையைக் கேட்க, தமிழர் அத்தாட்சியைக் கேட்கின்றனர் எனலாம்.

தமிழர் இங்கே செய்துகொண்ட ஏற்பாடு வியக்கத்தக்கது. “ஆதாரைக் காட்டுங்கள்” என்றால் அட்டை. “ஆதாரத்தைக் காட்டுங்கள்” என்றால் சான்று. எந்த இலக்கண ஆசிரியரும் விதி வகுக்கவில்லை, எந்தக் குழுவும் கூடவில்லை. ஒரு ‘அம்’ விகுதியைக் கொண்டே மக்கள் இரு பொருளையும் பிரித்துவிட்டனர். ஆண்டுச் சொல்லைத் தேர்வோரின் கண்ணுக்கு இத்தகைய நுட்பம் அகப்படுவது அரிது. அவர்கள் காண்பது ஒரு சொல்லின் பரபரப்பை. பேசுவோர் அதனை எவ்வாறு பழக்கிக்கொண்டனர் என்பதை அன்று.

தெரிவு முறையும் ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானில் 1995 முதல் பொதுமக்களின் வாக்குகளைக் கொண்டே ஆண்டின் எழுத்து அமைகிறது. கோபே நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்த அம்முதலாண்டில் ‘நடுக்கம்’ என்னும் எழுத்தே வென்றது. ஆக்ஸ்போர்டின் இந்தித் தெரிவில் முடிவு சொன்னது வல்லுநர் குழு. 2018-இல் ‘நாரி சக்தி’, 2019-இல் ‘சம்விதான்’, 2020-இல் ‘ஆத்மநிர்பர்தா’ என்று வந்தவற்றை நோக்கினால், கடைத்தெருவைவிட மேடையின் குரலே மிகுந்து கேட்கிறது. ‘ஆதார்’ ஒன்றே சட்டைப்பையில் இருந்த சொல்.

அச்சொல்லின் கனமும் ஓராண்டில் மாறியது. வங்கிக் கணக்குடன் ஆதாரை இணைப்பதைக் கட்டாயமாக்க இயலாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் நலத்திட்ட உதவிகளுக்கு அது தேவை என்பது நிலைத்தது. உழைத்துத் தேய்ந்த விரல்ரேகை கருவியில் பதியாத முதியவருக்குப் பற்றுக்கோடு என்ற பொருளும் சான்று என்ற பொருளும் ஒன்றோடொன்று மோதுவது அங்கேதான்.

சொற்களை ஓராண்டு அளவில் அளப்பதற்கு நேர்மாறான பணியும் புணேயிலேயே நடக்கிறது. டெக்கான் கல்லூரியில் 1948-இல் தொடங்கிய வடமொழிப் பேரகராதித் திட்டத்துக்காக ஏறத்தாழ ஒரு கோடி சொற்குறிப்புச் சீட்டுகள் திரட்டப்பட்டன. முதல் தொகுதி அச்சேறியது 1976-இல். அதன்பின் வந்த முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் இடம்பெற்றவை அகரத்தில் தொடங்கும் சொற்களே. ‘ஆதார’ என்பது ஆகாரத்தில் வருவது. அதன் முறைக்கு இன்னும் நாள் ஆகும்.